குறும்பரப்புக் கணிப்பொறி வலைப்பின்னல் – அங்கத்தினர்க்கு ஓர் அறிமுகம்

நெசவாளர் சங்கங்களிலும் விவசாயிகள் சங்கங்களிலும் கணிப்பொறி இன்று புதுமையான பொருளன்று. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் 63,000 சங்கங்களைக் கணிப்பொறி முறைக்குக் கொண்டுவருவதற்கென 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை மத்திய அமைச்சரவை 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அங்கீகரித்தது. அலுவலகத்தில் ஒரே ஒரு கணிப்பொறி இருக்கும் வரையில் தொல்லை அதிகமில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் வந்து சேர்ந்தவுடனே ஒரு வினா எழுகிறது: இவை ஒன்றோடொன்று எவ்வாறு பேசிக்கொள்வது?

இவ்வினாவுக்கு விடை காணாத சங்கங்களில் நடப்பது யாது? நூல் கிடங்கிலுள்ள கணிப்பொறியில் இருப்புக் கணக்கு இருக்கிறது. கூலி மேஜையிலுள்ள கணிப்பொறியில் பட்டுவாடாக் கணக்கு இருக்கிறது. காரியதரிசியின் அறையிலே பேரேடு. மாலை வேளையில் குமாஸ்தா ஒருவர் விரலளவுள்ள பென் டிரைவ் ஒன்றைச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டு மேஜைக்கு மேஜை நடக்கிறார். செவ்வாய்க்கிழமைக் கணக்கின் மேல் திங்கட்கிழமைக் கணக்கு தவறி ஏறிவிட்டாலும் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. தணிக்கையாளர் வந்து அமர்ந்த பின்னரே தெரியும். நெசவாளி ஒருவர் வாங்கிய நூலுக்கும் கொடுத்த துணிக்கும் இடையே கணக்கு ஒவ்வாமற் போனால், தொகை பிடிக்கப்படுவது அவருடைய கூலியில்தான் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பல சங்கங்கள் இக்குறையை உணர்ந்து வலைப்பின்னல் அமைக்க முன்வருகின்றன. அப்பொழுது நிர்வாகக் குழுவின் முன் விலைப்புள்ளி ஒன்று வைக்கப்படுகிறது. அதில் சுவிட்ச், ரவுட்டர், கேட்-6 கம்பி என்று பல சொற்கள் வரிசையாக நிற்கின்றன. குழுவினர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுக் கையொப்பமிடுகின்றனர். நூல் வாங்கும்போது நம்பர் என்ன, முறுக்கு என்ன, சிட்டத்தின் நீளம் சரிதானா என்று கேட்காமல் எவரேனும் வாங்குவரோ? அதே கேள்விகளை இங்கும் கேட்கும் அளவுக்கேனும் அங்கத்தினர்க்கு விஷய ஞானம் வேண்டும் என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

லேன் என்பது என்ன?

ஓர் அறை, ஒரு கட்டடம், அல்லது ஒரே வளாகத்திலுள்ள சில கட்டடங்கள் என்ற குறுகிய எல்லைக்குள் கணிப்பொறிகளையும் அச்சுப்பொறி முதலிய சாதனங்களையும் இணைக்கும் அமைப்பை 'லேன்' என்பர். தமிழில் குறும்பரப்பு வலைப்பின்னல் எனலாம். இதற்கும் இன்டர்நெட்டுக்கும் உள்ள வேறுபாட்டை முதலிலேயே மனத்தில் கொள்ளவேண்டும். லேன் நம்முடைய சொந்தச் சொத்து. அதன் கம்பி நம்முடையது, காவலும் நம்முடையது. இன்டர்நெட் என்பது இத்தகைய எண்ணற்ற வலைப்பின்னல்களை உலகெங்கும் பிணைப்பது. வெளியிணைப்பு அறுந்துபோன நாளிலும் லேன் வேலை செய்யும்; கிடங்குக் கணக்கைக் காரியதரிசி தம் அறையிலிருந்தே பார்க்கலாம், அச்சடிக்கலாம். வெளியிணைப்பு நின்றவுடன் அலுவலகம் முழுவதும் நின்றுவிடுமாயின், கணக்குச் செயலியும் கணக்குகளும் வெளியூரிலுள்ள கணிப்பொறியில் இருக்கின்றன என்பதே பெரும்பாலும் காரணம். இவ்விரண்டில் எம்முறை நம்முடையது என்று ஒவ்வொரு சங்கமும் அறிந்திருத்தல் நலம்.

இம்முறை பிறந்த கதை

இதன் வரலாறு சுவை மிக்கது. அதை அறிந்தால் முறையும் எளிதில் விளங்கும். ஹவாய்த் தீவுகளிலுள்ள பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் என்னும் பேராசிரியர் தலைமையில் ஒரு குழுவினர், பல தீவுகளில் இருப்போர் ஹோனலூலுவிலுள்ள பெரிய கணிப்பொறியைப் பயன்படுத்துவதற்கு வழி தேடினர். கடலுக்கு அடியில் கம்பி இழுப்பது பெருஞ்செலவு. ஆகையால் அவர்கள் வானொலி அலைகளைக் கையாண்டனர். 1971-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இயங்கத் தொடங்கிய அவ்வமைப்புக்கு 'அலோஹா வலை' என்று பெயர். அங்கே எல்லாரும் பெரிய கணிப்பொறிக்குச் செய்தி அனுப்பியது ஒரே அலைவரிசையில். அனுப்ப வேண்டியது எது உண்டோ, அதை உடனே அனுப்பிவிடுவது, பெற்றுக்கொண்டதாகப் பதில் வராவிட்டால் சிறிது நேரம் பொறுத்து மீண்டும் அனுப்புவது, இவ்வளவே விதி. எளிய விதிதான். ஆனால் இருவர் ஒரே வேளையில் அனுப்பினால் இரண்டும் கெட்டன. கணக்கிட்டுப் பார்த்தபோது அலைவரிசையின் திறனில் 18 சதவீதத்துக்கு மேல் பயனுள்ள செய்தி செல்ல இயலாது என்று கண்டனர்.

இந்த முறையைப் படித்தவர்களுள் ராபர்ட் மெட்காஃப் என்னும் இளைஞர் ஒருவர். அவர் கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ நகரிலிருந்த ஸெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சி நிலையத்தில் பணி புரிந்தார். அந்நிலையத்தில் 'ஆல்டோ' என்ற சிறு கணிப்பொறிகளை, ஆளுக்கு ஒன்றாக மேஜை தோறும் வைக்கத் திட்டமிட்டிருந்தனர். ஒளிக்கற்றையால் விரைவாக அச்சடிக்கும் லேசர் அச்சுப்பொறி ஒன்றும் அங்கே உருவாகி வந்தது. அந்த ஓர் அச்சுப்பொறியை எல்லாக் கணிப்பொறிகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒன்று வாங்கிக் கொடுக்க எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படியாகாது. விலையுயர்ந்த சாதனத்தைப் பலர் கூடிப் பங்கிட்டுக்கொள்வதற்காகவே இக்கலை தோன்றிற்று என்பது கூட்டுறவாளர்களாகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

1973-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆம் தேதி மெட்காஃப் எழுதிய அலுவலகக் குறிப்பில் 'ஈதர்நெட்' என்ற பெயர் இடம் பெற்றது. ஒளி பரவுவதற்கு இடமாக எங்கும் நிறைந்த 'ஈதர்' என்னும் பொருள் ஒன்று உண்டென்று முற்காலத்து விஞ்ஞானிகள் கருதினர். அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. பெயர் மட்டும் இங்கே பிழைத்துக்கொண்டது. டேவிட் பாக்ஸ் என்பவர் துணை நிற்க, அவ்வாண்டு நவம்பரிலேயே முதல் அமைப்பு இயங்கியது. அதன் வேகம் விநாடிக்கு 29 லட்சத்து 40 ஆயிரம் பிட்டுகள்.

பிட்டு என்பது 'உண்டு' அல்லது 'இல்லை' என்னும் ஒரே குறி. எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட்டு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும். இன்று வழங்கும் முறைப்படி நம் தமிழ் எழுத்துக்கு மூன்றேனும் வேண்டும், கொம்பும் காலும் சேர்ந்தால் இன்னும் கூடும். செலவானாலும் தாய்மொழியில் கணக்கு வைப்பதைக் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஐம்பது லட்சம் பைட்டு அளவுள்ள கணக்குக் கோப்பு ஒன்றை அந்த முதல் ஈதர்நெட்டில் அனுப்பியிருந்தால் பதினான்கு விநாடி பிடித்திருக்கும். விநாடிக்குப் பத்துக் கோடிப் பிட்டு செல்லும் கம்பியில் அதற்கு அரை விநாடியும் ஆகாது.

மெட்காஃப் செய்த திருத்தம் என்ன? அலோஹா முறையில் அனுப்புகிறவர் செவி சாய்க்காமலே பேசத் தொடங்கினார். ஈதர்நெட்டில் ஒவ்வொரு கணிப்பொறியும் முதலில் பொதுக்கம்பியை உற்றுக் கேட்கிறது. வேறு யாரும் பேசவில்லையென்றால் தான் பேசத் தொடங்குகிறது. பேசிக்கொண்டே கேட்கவும் செய்கிறது. மற்றொன்றும் அதே கணத்தில் தொடங்கிவிட்டதாயின் குறிகள் மோதிக் கலங்கும். அதைக் கண்டவுடன் இரண்டும் நிறுத்திவிடுகின்றன. பின்னர் ஒவ்வொன்றும் திருவுளச்சீட்டுப் போட்டாற்போல ஒரு சிறு காத்திருப்பைத் தேர்ந்துகொள்கிறது. முதல் மோதலுக்குப் பின் இரண்டு வாய்ப்புகளுள் ஒன்று. இரண்டாம் மோதலுக்குப் பின் நான்கினுள் ஒன்று. பிறகு எட்டினுள் ஒன்று. இவ்வாறு காத்திருப்பின் அளவு விரிந்துகொண்டே போகும். நெரிசல் மிகுந்தால் எல்லாரும் தாமே அதிகமாக விட்டுக்கொடுக்கின்றனர். தலைவர் எவரும் மணி அடிப்பதில்லை. பதினாறு முறை முயன்றும் முடியாவிட்டால் அந்தப் பொட்டலம் கைவிடப்படும்.

பொட்டலம் என்றோம். செய்தி எவ்வளவு நீளமாயினும் முழுவதும் ஒரே மூச்சில் செல்வதில்லை. மிகுந்தால் 1,500 பைட்டு அளவுள்ள துண்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் அனுப்புநர், பெறுநர் முகவரிகளைத் தாங்கிச் செல்கிறது. ஆகையால் பெரிய கோப்பு அனுப்புகிறவர் கம்பியை மணிக்கணக்காகப் பிடித்துக்கொள்ள இயலாது. குறைந்த அளவும் உண்டு: 64 பைட்டு. இதற்குக் காரணம் அழகானது. கம்பியின் ஒரு கோடியில் தொடங்கிய குறி மறுகோடியை அடையவும், அங்கே மோதல் நேர்ந்தால் அச்செய்தி திரும்பி வரவும் சிறிது காலம் ஆகும். அது வருவதற்குள் அனுப்புநர் பேசி முடித்துவிட்டால் மோதல் நேர்ந்ததே அவருக்குத் தெரியாது. ஆகவே பொட்டலம் ஒரு குறிப்பிட்ட நேரமேனும் நீடிக்க வேண்டும். விநாடிக்கு ஒரு கோடிப் பிட்டு வேகத்தில், ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறிட்டால் அவற்றுள் 51 கூறுக்குச் சற்று அதிகமான நேரம் அது. பழைய ஈதர்நெட்டில் கம்பியின் நீளத்துக்கு எல்லை விதித்ததும் இதே கணக்கினால்தான்.

டிஜிட்டல், இன்டெல், ஸெராக்ஸ் ஆகிய மூன்று கம்பெனிகளும் சேர்ந்து 1980-இல் விநாடிக்கு ஒரு கோடிப் பிட்டு வேகத்துக்கான விதிமுறையை வெளியிட்டன. 1983-இல் அமெரிக்காவிலுள்ள மின்பொறியாளர் கழகமான ஐ.இ.இ.இ. அதை 802.3 என்ற எண்ணுள்ள பொது விதியாக ஏற்றது. பொது விதியாதலின் எந்தக் கம்பெனியும் அதன்படி சாதனம் செய்யலாம்; ஒருவரிடம் வாங்கிய சாதனம் மற்றொருவரிடம் வாங்கியதோடு இணங்கும். விலைப்புள்ளி கேட்கும் சங்கத்துக்கு இது எவ்வளவு பெரிய பலம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

போட்டியாக 1985-இல் ஐ.பி.எம். கம்பெனி 'டோக்கன் ரிங்' என்ற முறையைக் கொணர்ந்தது. அதில் ஒரு வில்லை வட்டமாகச் சுற்றிவரும். வில்லை கைக்கு வந்தவரே பேசலாம். ஏரிப்பாசனத்தில் முறைவைத்துத் தண்ணீர் விடுவதை ஒத்தது அது. ஒழுங்கான முறைதான்; நெரிசலிலும் ஒவ்வொருவருக்கும் தம் பங்கு நிச்சயம். ஆயினும் சாதனங்களின் விலை அதிகம். மலிவும் எளிமையும் உடைய ஈதர்நெட்டே இறுதியில் நிலைபெற்றது. ஒழுங்குமுறைகளில் விருப்பமுள்ள எமக்கு அதில் சற்று வருத்தமே.

பொதுக்கம்பியிலிருந்து தனிக்கம்பிக்கு

முதற்காலத்து ஈதர்நெட்டில் தடித்த கம்பி ஒன்று கட்டடம் முழுவதும் ஓடும். எல்லாக் கணிப்பொறிகளும் அதிலேயே தொற்றிக்கொண்டிருக்கும். எங்கேனும் ஓரிடத்தில் கம்பி அறுந்தாலும் அத்தனை பேருக்கும் வேலை நின்றுவிடும். 1990-இல் முறுக்கிய இணைக்கம்பிக்கான விதி வந்தது. இதன்படி ஒவ்வொரு கணிப்பொறியிலிருந்தும் தனிக்கம்பி ஒன்று நடுவிலுள்ள ஒரு பெட்டிக்குச் செல்கிறது. ஒரு கம்பி பழுதானால் ஒருவருக்கு மட்டுமே நஷ்டம்.

இந்தக் கம்பியைப் பிரித்துப் பார்த்தால் நெசவாளர்க்குப் பழக்கமான ஒன்று தென்படும். எட்டு மெல்லிய கம்பிகள் இரண்டிரண்டாக நான்கு இணைகளாய் முறுக்கப்பட்டிருக்கும். நூலில் முறுக்கு ஏற்றுவது இழைக்கு வலிமை தர. இங்கு நோக்கம் வேறு. ஓர் இணையின் இரு கம்பிகளிலும் ஒரே குறி நேர்மாறாக ஓடுகிறது. அருகிலுள்ள மோட்டாரோ மின்விளக்கோ உண்டாக்கும் இரைச்சல் இரண்டையும் ஒரே அளவில் தாக்குகிறது. பெறும் முனையில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது குறி மிஞ்சுகிறது, இரைச்சல் அடித்துப் போகிறது. முறுக்கு இருப்பதனால்தான் இரு கம்பிகளும் மாறி மாறி இரைச்சலுக்கு அருகே வந்து தாக்குதலைச் சமமாகப் பெறுகின்றன. நான்கு இணைகளுக்கும் முறுக்கின் அளவு வெவ்வேறாக இருக்கும். ஒரே அளவாயின் ஓர் இணையின் பேச்சு அடுத்த இணையில் ஒலிக்கும். கம்பியின் முனையைச் செருகியில் பூட்டும்போது முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கலாகாது என்று தொழிலாளர்க்கு விதித்திருப்பதும் இதனாலேயே. இக்கம்பி சுவிட்சிலிருந்து கணிப்பொறி வரை 100 மீட்டருக்கு உட்பட்டே இருக்க வேண்டும்.

நடுவிலுள்ள பெட்டி இருவகை. பழைய 'ஹப்' ஒரு வழியாக வந்த செய்தியை மற்ற எல்லா வழிகளிலும் முழக்கிவிடும். இன்று நாம் வாங்கும் சுவிட்ச் அறிவுள்ளது. ஒவ்வொரு சாதனத்துக்கும் அது செய்யப்பட்ட இடத்திலேயே 48 பிட்டு நீளமுள்ள முகவரி ஒன்று இடப்படுகிறது. எந்த வழியிலிருந்து எந்த முகவரி பேசுகிறது என்பதைச் சுவிட்ச் கவனித்து மனத்தில் வைத்துக்கொள்கிறது. பிறகு கிடங்குக்கு உரிய பொட்டலத்தைக் கிடங்குக்கு மட்டுமே அனுப்புகிறது. போவதற்கும் வருவதற்கும் வழி தனித்தனி. ஆகவே இன்றைய கம்பி வலையில் முன்பு சொன்ன மோதல் அநேகமாக இல்லை. கம்பியில்லா வைஃபை முறையிலோ எல்லாரும் ஒரே வெளியில் பேசவேண்டியிருப்பதால், கேட்டபின் பேசுவதும், மோதாமல் ஒதுங்குவதும், பெற்றதற்குப் பதில் அனுப்புவதும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. ஒரே அறையில் பலர் கைப்பேசியோடு கூடிவிட்டால் வைஃபை மந்தமாவது இதனால்தான். நிலையாக ஓரிடத்தில் இருக்கும் கணிப்பொறிகளுக்குக் கம்பியே மேல் என்பது எமது அபிப்பிராயம்.

சுவிட்சில் ஓர் ஆபத்தும் உண்டு. துப்புரவு செய்யும்போது கிடந்த ஒரு கம்பியின் இரு முனைகளையும் யாரேனும் ஒரே சுவிட்சில் செருகிவிட்டால், எல்லார்க்குமென அனுப்பிய பொட்டலம் அந்த வளையத்தில் ஓயாமல் சுற்றிப் பெருகி வலை முழுவதையும் அடைத்துவிடும். இதைத் தடுக்கும் முறையை ரேடியா பெர்ல்மன் என்னும் அம்மையார் 1985-இல் வகுத்தார். மலிவான சுவிட்சுகள் பலவற்றில் அது இராது. எந்தக் கணிப்பொறியும் பழுதாகாமல் வலை மட்டும் திடீரென்று நின்றுபோனால் முதலில் தேடவேண்டியது இத்தகைய கம்பியையே.

சாதன முகவரியன்றி 'ஐ.பி. முகவரி' என ஒன்றும் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் உண்டு, 192.168.1.5 என்பது போலப் புள்ளியிட்டு எழுதுவர். 192.168 என்று தொடங்குபவை உள்வழக்குக்கென்றே ஒதுக்கப்பட்டவை. ஊருக்கு ஊர் 'மேலத்தெரு 5-ஆம் எண் வீடு' இருப்பதுபோல், ஆயிரம் அலுவலகங்களில் அதே முகவரி இருந்தாலும் குழப்பமில்லை. உள்வலைக்கும் வெளி இன்டர்நெட்டுக்கும் நடுவே வாயிற்படியில் நிற்பது ரவுட்டர். கணிப்பொறிகளுக்கு ஐ.பி. முகவரி பங்கிட்டுக் கொடுப்பதையும் பெரும்பாலும் அதுவே செய்கிறது. அச்சுப்பொறிக்கு மட்டும் மாறாத முகவரி கொடுத்துவைத்தல் நன்று.

பொதுப் பேரேடும் இரண்டு கைகளும்

இனிக் கூறப்போவது சாதன விற்பனையாளர் எவரும் கூறாத விஷயம். வலை அமைந்துவிட்டது, இருப்புக் கணக்கு ஒரே இடத்தில் இருக்கிறது, எல்லாரும் அதைத் திறக்கலாம். குறை தீர்ந்ததா? கிடங்கில் 400 கட்டு நூல் இருப்பதாகக் கொள்வோம. கிடங்குக் குமாஸ்தா கணக்கைத் திறக்கிறார். 400 என்று காண்கிறார். அதே வேளையில் மற்றொரு மேஜையிலிருப்பவரும் திறக்கிறார், அவருக்கும் 400. முன்னவர் 20 கட்டு வழங்கி 380 என்று எழுதிச் சேமிக்கிறார். பின்னவர் 30 கட்டு வழங்கி 370 என்று எழுதிச் சேமிக்கிறார். பின்னர் எழுதியதே நிலைக்கும். கணக்கில் 370, கிடங்கிலோ 350. இருவரும் நேர்மையானவர்கள், இருவர் கூட்டலும் சரி. இருபது கட்டைக் காணவில்லை! இத்தகைய குறைக்காகக் கிடங்குப் பொறுப்பாளரைக் குற்றம் சாட்டினால் அது எவ்வளவு பெரிய அநீதி?

ஆகையால் சாதாரணக் கணக்குத்தாள் கோப்பைப் பலர் திறக்குமாறு வெறுமனே பொதுவில் வைப்பது போதாது. ஒருவர் ஒரு பதிவை மாற்றும்போது மற்றவர் அதைத் தொடாமல் காக்கும் தரவுத்தள முறையில் அமைந்த செயலி வேண்டும். அதில் '400-ஐ 380 ஆக்கு' என்று எழுதாமல், '20 கட்டு வழங்கப்பட்டது, தேதி இன்னது, வழங்கியவர் இன்னார்' என்று வரவு செலவாகவே எழுதப்படும். நம் பழைய பேரேட்டில் அடித்துத் திருத்தக்கூடாது என்று வைத்திருந்த விதியும் இதுவே அல்லவா? செயலி விற்க வருபவரிடம், இரண்டு கணிப்பொறிகளில் ஒரே பதிவை ஒரே வேளையில் திறந்து காட்டுமாறு கேட்கவேண்டும். அரைமணி நேரச் சோதனை. பிற்காலத்தில் பல நாள் வழக்கைத் தவிர்க்கும்.

காவல்

ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் இருக்கவேண்டும். ஒரே கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டிவைத்து எல்லாரும் வழங்கும் அலுவலகத்தில், எந்தப் பதிவை எவர் செய்தார் என்பதை எந்த யந்திரமும் சொல்லமுடியாது. கூலிப் பதிவேட்டை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்பதை நிர்வாகக் குழு தீர்மானமாகவே எழுதிவைக்கலாம். வைஃபைக்கு விருந்தினர் பெயர் வேறாகவும் அலுவலகப் பெயர் வேறாகவும் வைத்து, வருகிறவர் கைப்பேசி உள்வலையில் நுழையாதபடி செய்யவேண்டும்.

2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் 'வானாக்ரை' என்னும் தீநிரல் உலகெங்கும் பரவிற்று. கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறப்பதற்குப் பணம் கேட்டது அது. ஒரு கணிப்பொறியில் புகுந்தபின் எவரும் ஒன்றும் செய்யாமலே, விண்டோஸின் கோப்புப் பகிர்வு வழியாக அதே வலையிலுள்ள மற்றவற்றுக்குத் தாவியது. பிரிட்டனில் பல மருத்துவமனைகளின் வேலை நிலைகுலைந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் கம்பெனி இரண்டு மாதம் முன்னரே, மார்ச்சிலேயே, வெளியிட்டிருந்தது, போட்டுக்கொள்ளாதவர் அகப்பட்டனர். திருத்தங்களைத் தவணை தப்பாமல் ஏற்றுவதும், கணக்கின் நகலைத் தினந்தோறும் எடுப்பதும், நகல் எடுத்த சாதனத்தை வலையிலிருந்து கழற்றிப் பூட்டி வைப்பதும் இன்றியமையாதவை. கழற்றாமல் விட்ட நகல் அசலோடு சேர்ந்து போய்விடும். மற்றுமொரு நகல் வேறு கட்டடத்தில் இருத்தல் வேண்டும். தீக்கும் வெள்ளத்துக்கும் கடவுச்சொல் தெரியாது.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

கம்பியில்தான் ஏமாற்று மிகுதி. கேட்-5இ, கேட்-6 என்னும் தரங்களுக்கு உள்ளே முழுச் செம்பு இருக்கவேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பியும் அதே பெயரில் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. அது எளிதில் முறியும். நீளம் கூடினால் குறி தளரும். கம்பி வழியே மின்சாரமும் செலுத்தும் காமிராக்களுக்கு மாட்டினால் சூடேறும். சரிகையை உரசிப் பார்ப்பது போலவே இதையும் பார்க்கலாம். கத்தி முனையால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிவது அலுமினியம்.

தறிக்கூடத்தை ஒட்டி அலுவலகம் உள்ள இடங்களில் பஞ்சுத் தூசி பெரும் பகை. விசிறியுள்ள சுவிட்ச் தூசியை உறிஞ்சிச் சீக்கிரம் அடைபடும். விசிறியில்லாததை வாங்கிக் காற்றோட்டமுள்ள பெட்டியில் உயரத்தில் பொருத்துதல் நன்று. வலைக்கம்பியையும் மின்கம்பியையும் ஒரே குழாயில் செலுத்தலாகாது. எலி கடிக்காதிருக்கக் கம்பியைக் குழாய்க்குள் விடவேண்டும். அலுவலகத்துக்கும் தனியாக நிற்கும் கிடங்குக்கும் இடையே செம்புக்கம்பி இழுப்பதைத் தவிர்க்க வேண்டும். இடி மின்னல் காலத்தில் அக்கம்பி வழியே பாயும் மின் அதிர்ச்சி இரு கட்டடத்துச் சாதனங்களையும் கெடுக்கும். அங்கே கண்ணாடி இழைக் கம்பியே ஏற்றது. அது மின்சாரத்தைக் கடத்தாது, தொலைவும் தாங்கும். கணிப்பொறிக்கு யு.பி.எஸ். வாங்குபவர்கள் சுவிட்சையும் ரவுட்டரையும் மறந்துவிடுகின்றனர். மின்சாரம் நின்ற வேளையில் கணிப்பொறிகள் விழித்திருந்து வலை உறங்கினால் யாருக்கு என்ன லாபம்?

வேலை முடிந்தபின் ஒப்பந்தக்காரரிடமிருந்து மூன்று பொருள்களைக் கேட்டு வாங்கவேண்டும். முதலாவது, எந்தக் கம்பி எங்கிருந்து எங்குச் செல்கிறது என்ற வரைபடம். கம்பியின் இரு முனைகளிலும் அதே எண்ணை ஒட்டியிருக்கவேண்டும். இரண்டாவது, ரவுட்டர் முதலியவற்றின் கடவுச்சொற்கள். அவற்றை உறையிலிட்டு அரக்கு வைத்துச் சங்கத்தின் இரும்புப் பெட்டியில் வைத்து, வைத்த செய்தியை நடவடிக்கைக் குறிப்பில் எழுதிவிடலாம். அமைத்துக் கொடுத்தவர் ஒருவருக்கே அவை தெரியுமாயின், சங்கம் தன் வீட்டுச் சாவியை அயலாரிடம் கொடுத்ததாகும். மூன்றாவது, ஒவ்வொரு கம்பியையும் சோதனைக் கருவியில் வைத்துப் பார்த்ததற்கான தாள். எட்டுக் கம்பிகளும் முறைப்படி சேர்ந்திருக்கின்றனவா, நீளம் எவ்வளவு என்பவை அதில் இருக்கும். அந்தத் தாள் வந்து, குழு உறுப்பினர் ஒருவர் முன்னிலையில் இரண்டொரு கம்பிகளை மீண்டும் சோதித்துப் பார்த்த பிறகு இறுதித் தவணையைக் கொடுத்தால் போதும்.